நாற்காலி முதலில், தன்னம்பிக்கை பிறகு

நம்பிக்கை: "பெண்களுக்குத் தலைவராகும் ஆசையே கிடையாது. சட்டம் சொல்வதால் தேர்தலில் நிறுத்துகிறார்கள்."

உண்மை: 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக்கியது. அன்றிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை.

இதற்கான பதில் மேற்கு வங்கத்தில் கிடைக்கிறது. அங்கே எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பது யாருடைய விருப்பத்தையும் பொறுத்ததல்ல, சுழற்சியில் அமைகிறது. அதனால் பெண் தலைவரைப் பார்த்த ஊரையும் பார்க்காத ஊரையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 495 கிராமங்களில் வளரிளம் பருவத்தினரையும் பெற்றோரையும் விசாரித்தார்கள்; முடிவுகள் 2012இல் வெளியாயின. இரண்டு முறை பெண் தலைவர் இருந்த ஊர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த கனவுகளின் இடைவெளி 25 விழுக்காடு சுருங்கியிருந்தது. பிள்ளைகளின் சொந்தக் கனவுகளில் இடைவெளி 32 விழுக்காடு சுருங்கியிருந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தேவிட்டது. அப்படி இரண்டு முறை பெண் தலைமையைக் கண்ட ஊராட்சிகளில், அடுத்து வந்த தேர்தல்களில் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், ஜெயித்தார்கள். ஆசை வரட்டும் என்று காத்திருந்தால் இவற்றில் எதுவுமே நடந்திருக்காது.

நம்பிக்கை: "பெண் தலைமை தாங்கினால் வேலை நடக்காது."

உண்மை: மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் நடந்து 2004இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஊர்ப் பெண்கள் எதை அதிகம் கேட்டார்களோ அதற்கே பெண் தலைவர்கள் கூடுதலாகச் செலவிட்டிருந்தார்கள். இரு மாநிலங்களிலும் குடிநீர் அதில் இருந்தது. குடம் சுமப்பவருக்குத்தான் குழாயின் அருமை தெரியும்.

நம்பிக்கை: "எல்லாம் வீட்டுக்காரர்தான். அந்தம்மாவுக்குத் துணிச்சல் இல்லை."

உண்மை: கணவர் ஆட்சி நடத்தும் ஊராட்சிகள் உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை யார் தாங்கிப் பிடிக்கிறார்கள்? தலைவருக்குச் சொல்ல வேண்டியதை அவர் கணவரின் கைப்பேசிக்குச் சொல்லும் அலுவலரும் இதில் பங்காளிதான். தடை அங்கே மட்டுமல்ல: தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அவர் பிடிவாதமாக மறுத்தால் தெருவிளக்கு மாற்றக்கூடப் பணம் எடுக்க முடியாது. அப்படி முடக்கப்பட்டவரைத் துணிச்சல் இல்லாதவர் என்பது அநியாயம்.

சாதியும் சேர்ந்தால் நிலைமை இன்னும் கொடுமை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020இல் வெளியானது. அந்தத் தலைவருக்குக் குறைவாக இருந்தது தன்னம்பிக்கையா, நாற்காலியா?

நம்பிக்கை: "தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்."

உண்மை: மேடையில் பேசப் பழக்குவது நல்லதுதான். ஆனால் வரவு செலவுப் பதிவேட்டைப் படிக்கவும், கிராம சபைத் தீர்மானத்தைத் தானே எழுதவும், பணி மதிப்பீட்டில் யார் கையெழுத்து வேண்டும் என்று அறியவும் கற்ற பெண்ணை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது. பயிற்சிப் பணம் முதலில் அதற்குப் போகட்டும். பிறகு, ஒரு முறை தலைவராக இருந்தவரின் ஊராட்சி சுழற்சியில் பொதுவானதும், "உங்க முறை முடிஞ்சுதும்மா" என்று வீட்டுக்கு அனுப்பாமல், அதே ஊராட்சியில் மறுபடி போட்டியிட மகளிர் குழுக்களும் குடும்பமும் அவருக்குத் துணையாக நிற்க வேண்டும்.