மலையகத்தில் உதைபந்தாட்ட அரங்கு

கேள்வி: பெருநகரங்களில் போல எமது ஹட்டனிலும் பிரமாண்டமான உதைபந்தாட்ட அரங்கொன்று எழ வேண்டாமா?
— வாசகர், டிக்கோயா

பதில்: விருப்பம் நியாயமானதே, ஆயின் நிலம் எங்கே என்பதுதான் பிரதான விஷயம். சர்வதேச ஆட்டத்திற்குரிய களம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டதாகலின், தோட்டக் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் என்று கணக்கிடுமிடத்து, பார்வையாளர் ஆசனங்களைச் சேர்க்காமலே அது ஏறத்தாழ 40 வீடுகளுக்குரிய காணியைக் கொண்டுவிடும். லயன் அறைகளில் இன்னும் ஜனங்கள் நெருக்குண்டு வாழும் பிரதேசத்தில், சமநிலமே அரிதாயிருக்கையில், அதனை அரங்கிற்கு அளிப்பது தர்மமாகாது. ஆகவே, ஹட்டன் டன்பார் மைதானத்தையும், நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமானின் நாமம் தாங்கிய மைதானத்தையும், தென்மேற்குப் பருவமழை தேங்காவண்ணம் வடிகாலமைத்துப் பேணி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தினந்தோறும் பயிற்சியளிப்பதே முதற்கண் செய்யத்தக்க காரியம். வீரர்கள் பெருகிய பின்னரே ஆசனங்களை எழுப்புவது அர்த்தமுள்ளதாகும்.