எம்.எஸ். நோய்: வேகம் குறைந்தால் அறிவு குறைந்ததாகாது

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோயில், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மையலின் உறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கிறது. படிப்பும் வேலையும் குடும்பமும் ஒன்றாக நெருக்கும் வயது அது. அப்போது ஒருவர் பதில் சொல்லத் தாமதித்தால், சொன்னதை மறந்தால், ‘அக்கறையில்லை’, ‘சோம்பல்’ என்ற பழிதான் முதலில் வந்து சேர்கிறது. அந்தப் பழி நியாயமற்றது.

நம்பிக்கை: எம்.எஸ். நடையையும் பார்வையையும் மட்டுமே பாதிக்கும்.

உண்மை: 1868இல் இந்நோயை விரிவாக விளக்கிய பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ, நோயாளிகளின் நினைவு பலவீனப்படுவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் தம் விரிவுரைகளிலேயே குறிப்பிட்டார். ஆனாலும் நோயின் கடுமையை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோலின் மேல்படிகள், நடக்கும் திறனையே பெரிதும் சார்ந்துள்ளன. அதனால் நன்றாக நடப்பவரின் மனச்சிரமம் கணக்கில் வராமல் போகிறது. 1991இல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் ராவ் குழு நடத்திய ஆய்வில், 43 சதவீத நோயாளிகளுக்கு அறிதிறன் பாதிப்பு இருந்தது.

நம்பிக்கை: மறதி வந்துவிட்டால் அல்சைமர் போல எல்லாம் அழிந்துவிடும்.

உண்மை: எம்.எஸ்.ஸில் அதிகம் அடிபடுவது தகவலைக் கையாளும் வேகம். புதியதைக் கற்பதும், ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிப்பதும் கடினமாகின்றன. மொழியறிவும் பொது அறிவும் பெரும்பாலோருக்குத் தங்கிவிடுகின்றன. நான்கு பேர் சேர்ந்து பேசும்போது திணறுபவர், ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினால் தெளிவாகப் பதில் சொல்லக்கூடும்.

நம்பிக்கை: எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் புள்ளிகள் குறைவாக இருந்தால் பாதிப்பும் குறைவு.

உண்மை: ஸ்கேனில் புள்ளிகளாகத் தெரியும் புண்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, அவை எந்த இணைப்பைத் துண்டித்தன என்பதும் முக்கியம். ஸ்கேனில் இயல்பாகத் தெரியும் வெண்பொருளிலும் நுண்ணிய சேதம் இருக்கலாம். மூளையின் புறணியில் ஏற்படும் பல புண்கள் வழக்கமான ஸ்கேனில் தெரிவதே இல்லை. மூளையின் பல பகுதிகளுக்கு இடையே தகவலைக் கடத்தும் தாலமஸ் சுருங்குவதற்கும் அறிதிறன் குறைவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நம்பிக்கை: மூளைப் பகுதிகளுக்கிடையே இணைப்பு கூடினால் நல்லதுதான்.

உண்மை: எந்தெந்தப் பகுதிகள் ஒத்திசைந்து இயங்குகின்றன என்பதைச் செயல்சார் எம்.ஆர்.ஐ. காட்டும். எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு இந்த ஒத்திசைவு கூடியிருந்ததைக் கண்டவர்கள், இழப்பை மூளை ஈடுகட்டுகிறது என்று முதலில் கருதினார்கள். ஆனால் ஒத்திசைவு கூடியவர்களே அறிதிறன் சோதனைகளில் பின்தங்கியதைப் பிந்தைய ஆய்வுகள் சில காட்டின. கிளைச்சாலைகள் வெள்ளத்தில் மூழ்கினால் எல்லா வண்டிகளும் ஒரே சந்திப்பில் குவியும். அங்கே நெரிசல் கூடுவது போக்குவரத்து சீரானதற்கு அடையாளமல்ல. இணைப்புகள் அறுந்துகொண்டே போகும்போது முக்கிய மையங்கள் சுமை தாங்காமல் தடுமாறுகின்றன என்று ஆம்ஸ்டர்டாமின் மென்னோ ஸ்கோன்ஹெய்ம் போன்ற ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

நம்பிக்கை: இதற்குச் செய்ய ஒன்றுமில்லை.

உண்மை: பாதிப்பை முதலில் கண்டறிய எஸ்.டி.எம்.டி. என்ற எளிய சோதனை இருக்கிறது. ஒன்பது குறிகளுக்கு ஒன்பது எண்கள் தரப்படும். 90 நொடியில் நோயாளி எத்தனை குறிகளுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறார் என்று பார்ப்பார்கள். இத்தகைய சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும் என்று 2018இல் வெளியான நிபுணர் பரிந்துரை சொல்கிறது. நினைவில் வைக்க வேண்டியதைக் கதையாகவும் மனச்சித்திரமாகவும் கோக்கும் பயிற்சி கற்றலை மேம்படுத்துவதை நியூ ஜெர்சியின் கெஸ்லர் அறக்கட்டளை ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். மனச்சோர்வும் தூக்கக் குறைவும் அறிதிறனை மேலும் இழுத்துப் பிடிக்கும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

ஆகவே அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது, கை கால்களோடு நினைவையும் கவனத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் டிவியை அணைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். அலுவலகத்தில் வாய்மொழி உத்தரவுகளை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எம்.எஸ். உள்ளவருக்கு இவை சலுகைகள் அல்ல. அவருக்கு உரிய நேரம்.