எழுதாத கட்டம்

திண்டுக்கல் நகரின் தென்கிழக்கே சிறுமலை. மேற்கே பழனி மலைத்தொடர். இவற்றின் அடியில் பரந்து கிடக்கும் சமவெளியில் சோளமும் நிலக்கடலையும் பயிரிடும் உழவர், ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வானத்தை நோக்கியே வாழ்கின்றனர். மழை இங்கு ஒரு சீராகப் பெய்வதில்லை. ஓர் ஊரில் குளம் நிரம்பும். அடுத்த ஊரில் புழுதி பறக்கும். ஆதலின், ஆங்காங்கே மழையை அளந்து எழுதிவைத்தல் இன்றியமையாததாகிறது.

மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளப்பது இந்திய வானிலைத் துறையின் வழக்கம். முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழை, மில்லிமீட்டர் கணக்கில் பதிவேட்டில் ஏறும். மழை பெய்யாத நாளில் அளப்பவருக்கு வேலை இல்லை என்று எண்ணுதல் தவறு. அன்றும் அவர் மானியைத் திறந்து பார்த்துச் சுழி எழுதவேண்டும். சுழியும் ஓர் அளவே. ஒருவர் கண்ணாற் கண்டு கூறிய செய்தியே. ஆனால் அளப்பவர் நோயுற்றாலோ மானி உடைந்துபோனாலோ அன்றைய கட்டம் எழுதப்படாமல் நிற்கும். சுழி, ‘மழை இல்லை’ என்கிறது. எழுதாத கட்டமோ, ‘தெரியாது’ என்கிறது.

பதிவேட்டைப் படியெடுப்பவர், வெற்றிடம் கண்ணை உறுத்துகிறதே என்று அங்கெல்லாம் சுழி இட்டுவிட்டால் என்ன நேரும்? ஐந்து நாட்களின் கணக்கில் 12, 0, 8, 0 என நான்கு அளவுகளும் ஒரு வெற்றிடமும் உள்ளன எனக் கொள்க. அறிந்த நாட்களின் சராசரி 5 மி.மீ. வெற்றிடத்தில் சுழியை இட்டால் அது 4 மி.மீ. ஆகிவிடும். ஒரு துளியும் குறையாமல் மழை குறைந்துவிட்டது!

இவ்விடர் மழைக்கு மட்டும் உரியதன்று. அதே பழனி மலைமேல் உள்ள கொடைக்கானலில் 1899-ஆம் ஆண்டில் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1904 முதல் அங்குக் கதிரவனின் முழு வட்டத்தைப் படம் எடுத்து, அதன் கரும்புள்ளிகளைக் கணக்கிட்டு வந்தனர். புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். குறைந்த காலத்தில் ஒரு புள்ளியும் தோன்றாத நாட்கள் பல. அந்நாட்களுக்குச் சுழியே சரியான விடை. ஆனால் மழைக்காலத்தில் மேகம் மலையை மூடிவிட்டால் படமே இராது. மேகம் மறைத்த கதிரவனைப் புள்ளியற்ற கதிரவன் என்று எழுதலாமோ?

அறிஞரும் இவ்விடத்தில் இடறியதுண்டு. டக்ளஸ் ஹாயிட், கென்னத் ஷாட்டன் என்னும் இருவர், பல நூற்றாண்டுக் கரும்புள்ளிக் குறிப்புகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டனர். பேருழைப்பால் விளைந்த தொகுப்பு அது. ஆயினும், 17-ஆம் நூற்றாண்டினர் சிலர் ‘இக்காலத்தில் புள்ளி தென்படவில்லை’ என்று பொதுப்படக் கூறியவற்றை, நாள்தோறும் பார்த்து எழுதிய சுழிகளாக அதில் நிரப்பியிருந்தனர். பின்வந்த ஆய்வாளர் அத்தகைய சுழிகளை நீக்கவேண்டியதாயிற்று.

இன்று பதிவேடுகள் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் ஏறிவிட்டன. தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் முறையை 1970-இல் வகுத்துரைத்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். எழுதாத கட்டத்திற்கு உரிய குறி ‘நல்’ எனப்படும். நன்மைப் பொருள் தரும் தமிழ்ச் சொல்லோடு இதற்கு ஒலியன்றி வேறு உறவில்லை. ஒரு கட்டத்தை நல்லோடு ஒப்பிட்டால் விடை ‘ஆம்’ என்றும் வராது, ‘அன்று’ என்றும் வராது. ‘அறியப்படாதது’ என்னும் மூன்றாம் விடையே வரும். நல்லும் நல்லும் சமமா என்று கேட்டாலும் அதுவே விடை. நியாயந்தானே! அறியாத இரண்டு அளவுகள் ஒன்றென எவர் சொல்ல இயலும்?

விடை நியாயமானதே, ஆனால் அதன் விளைவை உணராதார் ஏமாந்துபோவர். இருபது மானிகளின் கணக்கில், ‘இவ்வாண்டு அக்டோபர் மழை சென்ற ஆண்டினும் குறைந்த ஊர்கள் எவை?’ என்று கேட்டால் 11 ஊர்கள் வருகின்றன எனக் கொள்க. ‘குறையாத ஊர்கள் எவை?’ என்றால் 6 வருகின்றன. கூட்டினால் 17. எஞ்சிய மூன்று எங்கே? அவற்றின் கட்டங்களில் நல் இருந்தமையால் இரு பட்டியலிலும் அவை ஏறவில்லை. ‘ஆம்’ என்னும் விடைக்கு உரிய நிரைகளை மட்டுமே தரவுத்தளம் எடுத்துக் கொடுக்கும். மழைக்குறைவு வறட்சிக்கு முதன்மையான சான்றுகளுள் ஒன்று. பட்டியலில் இல்லாத ஊரின் உழவர் உதவி கேட்டு வரும்போது, அவர் ஊரின் பெயரே தாளில் இராது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. பழைய பதிவேட்டை இருவர் தனித்தனியே கணிப்பொறியில் ஏற்றுகின்றனர். பிழை காண, இரண்டு படிகளையும் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடவேண்டும். ஒருவர் 14.2 என்று எழுதிய இடத்தை மற்றவர் எழுதாது விட்டிருந்தால் அது வெளிப்படையான பிழை. ஆனால் ‘வேறுபடும் கட்டங்கள் எவை?’ என்று வழக்கமான குறியால் கேட்டால், 14.2-ஐயும் நல்லையும் ஒப்பிட்ட விடை ‘அறியப்படாதது’ ஆதலால் அப்பிழை அகப்படாமல் நழுவிவிடும். நல்லைச் சுழியாக மாற்றிக்கொண்டு ஒப்பிடுவோம் என்று சிலர் முனைவர். அப்போது, ஒருவர் சுழி இட்டு மற்றவர் வெற்றிடமாக விட்ட கட்டங்கள் ஒத்தனவாகிவிடும். பிடிக்கவேண்டிய திருடனுக்கே கதவைத் திறந்துவிட்டதுபோல் ஆகும் அது.

இதற்கென்றே எஸ்.கியூ.எல். என்னும் வினாமொழியில் ‘இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்’ என்னும் தொடர் உள்ளது. அது நல்லையும் நல்லையும் ஒன்றெனக் கொள்ளும். எண்ணையும் நல்லையும் வேறெனக் கொள்ளும். முன்னர் ஒவ்வாதது இங்கே ஒக்கும். ஏனெனில் இங்குக் கேட்பது மழை எவ்வளவு என்பதன்று. இருவரும் தாளில் உள்ளதையே எழுதினரா என்பது.

முன்னர்க் காணாமற்போன மூன்று ஊர்களைக் கண்டறிய மூன்றாவதாக ஒரு வினா வேண்டும். இரண்டு ஆண்டுகளின் கட்டங்களுள் ஏதேனும் ஒன்று ‘இஸ் நல்’ ஆக உள்ள ஊர்கள் எவை என்று கேட்டல்வேண்டும். சமக்குறி இட்டு, ‘நல்லுக்குச் சமமானவை எவை?’ என்று கேட்டால் ஒன்றும் வராது. வினாவைச் சரியாகக் கேட்டால் மூன்று ஊர்களின் பெயர்களும் வரும். அவற்றுக்கு அருகே காரணம் எழுத ஒரு பத்தி இருக்குமாயின் இன்னும் நன்று. ஓர் ஊரில் மானி உடைந்திருக்கலாம். மற்றோர் ஊரில் அளப்பவர் மாறியிருக்கலாம். இன்னோர் ஊரில் அளவு தாளில் இருந்தும் கணிப்பொறியில் ஏறாமல் விடுபட்டிருக்கலாம். கடைசி ஊருக்கு மட்டும் இன்றே எண்ணை எழுதிவிட இயலும். மற்ற இரண்டும் நல்லாகவே நிற்கவேண்டும்; அங்கு மழை பெய்ததா என்பதை ஊராரிடமும் வயலிடமும் நேரிற் சென்றுதான் அறியவேண்டும்.