எந்த மொழியில் எழுத்தறிவு?

எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டு நாடுகளை வரிசைப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் எந்த மொழியில் எழுத்தறிவு பெற்றனர் என்ற வினா அரிதாகவே எழுகிறது. இந்தியாவையும் இந்தோனேசியாவையும் ஒப்பிடுவோர் அதைத் தவிர்க்க இயலாது.

அயலாட்சி நீங்கியபோது இரு நாடுகளிலும் மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களே. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் 18.33 சதவீதம். 2011இல், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் இந்தியாவில் ஏறத்தாழ 69 சதவீதத்தினரும், இந்தோனேசியாவில் ஏறத்தாழ 93 சதவீதத்தினரும் எழுத்தறிந்திருந்தனர். (நம் கணக்கெடுப்பு அவ்வாண்டில் தரும் 73 சதவீதம் 7 வயது முதல் கணக்கிட்டது, அதை இவ்வொப்பீட்டில் சேர்த்தல் பொருந்தாது.)

இந்தோனேசியாவில் 700க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. அவற்றுள் மிகுதியானோர் பேசுவது ஜாவானியம். எனினும் 1928இல் கூடிய இளைஞர் மாநாடு, துறைமுகங்களில் வணிக மொழியாக வழங்கிய மலாயையே ‘இந்தோனேசிய மொழி’ என ஏற்றது. கேட்பவரின் தகுதிக்கேற்பச் சொற்களை மாற்றிப் பேசவேண்டிய ஜாவானியத்தைவிட, அது அனைவருக்கும் எளிதாக இருந்தது. பெரும்பான்மையினர் தம் மொழியை வற்புறுத்தாதது வியப்புக்குரியதே. பின்னர், 1973-74 முதல் சில ஆண்டுகளுக்குள் எண்ணெய் வருவாயைக் கொண்டு 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன. அவை எழுத்தோடு தேசிய மொழியையும் கற்பித்தன. 2010இல்கூட அம்மொழியை வீட்டில் பேசியோர் ஐந்தில் ஒரு பங்கினரே. அங்கும் இழப்பு இல்லாமலில்லை. ஜாவானிய எழுத்து இன்று அன்றாடப் பயன்பாட்டில் அருகிவிட்டது.

இந்தியா பல மொழிகளின் வழியே கல்வி புகட்டுகிறது. தமிழகத்துக் குழந்தை தமிழிலும் வங்கக் குழந்தை வங்காளியிலும் எழுதத் தொடங்க இயலும். ஆனால் மாநில மொழி தாய்மொழியாக அமையாத குழந்தையின் நிலை வேறு. 73 லட்சம் பேர் பேசும் சந்தாலி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. ஒரு கோடிக்கும் அதிகமானோர் பேசும் பீலி அதில் இல்லை. பீல் மக்கள் மிகுந்து வாழும் மத்தியப் பிரதேசத்து அலிராஜ்பூர் மாவட்டத்தில் 2011இல் எழுத்தறிவு ஏறத்தாழ 36 சதவீதம். நாட்டிலேயே மிகக் குறைவு. வறுமையும், பிழைப்புக்காகக் குடும்பத்தோடு இடம்பெயர்தலும் இதற்குக் காரணங்கள்தாம். மொழியையும் அவற்றோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

பீலி பேசும் குழந்தையின் பாடநூல் மத்தியப் பிரதேசத்தில் இந்தியிலும், குஜராத்தில் குஜராத்தியிலும், மகாராஷ்டிரத்தில் மராத்தியிலும் அமைகிறது. ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவரை நம் கணக்கெடுப்பு எழுத்தறிந்தவராகக் கொள்வதால், மூவரும் அவ்வாறே பதிவாவர். அவர்களுள் பீலியிலும் எழுத வல்லவர் எவர் என்பதைக் குறிக்க 2011ஆம் ஆண்டுப் படிவத்தில் இடமில்லை.