கார்த்திகை சீசன்: அட்வான்ஸ் வாங்கப் பின் நம்பர் எதற்கு?

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே ஆன்லைன் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது. ஆனாலும் ஐப்பசி வந்தால் பாதி விலைப் பட்டாசு விளம்பரம் போனில் வந்து விழத்தான் செய்கிறது. தீபாவளி முடிந்ததும் அந்த மோசடிக் கூட்டம் சரக்கை மாற்றும். ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரியில் வண்டி வண்டியாக வந்து இறங்கும் கார்த்திகை, மார்கழியில் சரக்கு, தங்கும் அறை.

லாட்ஜ்காரர்களும், வீட்டு மாடியைச் சீசனுக்கு விடுபவர்களும் கவனிக்க. "ராணுவத்தில் இருக்கேன், அஞ்சு ரூம் வேணும், அட்வான்ஸ் இப்பவே போடுறேன்" என்று போன் வரும். அடையாள அட்டைப் படமும் வரும். வாடகையைக் குறைக்கச் சொல்லவே மாட்டார். சீசனில் பேரம் பேசாமல் அறை எடுத்தவரை நம்ம ஊரில் யார் பார்த்தது? பிறகு ஒரு கியூஆர் வரும்: "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்." ஏறாது, இறங்கும். யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. தனி ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அந்த வாசல் அடைபட்டது, கியூஆர் வாசல் திறந்தே கிடக்கிறது. சீசனுக்கு மட்டும் கவுண்டரில் உட்காரும் பையனுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

இன்றே இன்னொரு வேலை. உங்கள் லாட்ஜ் பெயரைக் கூகுள் மேப்பில் தேடி, அதில் இருப்பது உங்கள் போன் நம்பர்தானா என்று பாருங்கள். நம்பர் மாறியிருந்தால், யாருக்கோ பணம் கட்டிவிட்டு உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள் குழந்தை குட்டிகளோடு.

டிசம்பரில் மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பார்சலை எதிர்பார்த்திருக்கும் வீடுகளுக்கு: "கஸ்டம்ஸில் பிடிபட்டது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறோம்" என்றால் போனை வையுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. உடனே பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணம் போய்விட்டதா? யாரைத் திட்டுவது என்று யோசிக்கும் முன் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்கு மாறி மாறி ஓடி, கையில் எடுக்கப்படுவதற்குள் மறிக்க வேண்டும். கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள்; தவறு நம்முடையதே ஆனாலும், சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. எழுத்துப் புகாரை அப்புறம் கொடுக்கலாம். 1930 என்ற எண்ணை ரூம் சாவி மாட்டும் பலகையிலேயே எழுதி வையுங்கள்.