குளிரில் ஓயும் நீலநாக்கு வைரஸ்

கேள்வி: ஆடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோய் குளிர்காலத்தில் தணிந்துவிடுவது ஏன்?

பதில்: நீலநாக்கு நோயைப் பரப்புவது கியூலிகாய்ட்ஸ் என்னும், கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சி. நோயுற்ற ஆட்டின் இரத்தத்தைக் குடித்த உடனே அது நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் முதலில் பூச்சியின் குடல் செல்களில் பெருகி, உடலுக்குள் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். பூச்சிக்குத் தனக்கென நிலையான உடல்வெப்பம் இல்லாததால், இந்தப் பயணத்தின் வேகத்தைச் சுற்றுப்புற வெப்பமே முடிவுசெய்கிறது. 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறத்தாழ ஒரு வாரம் போதும். 15 டிகிரியில் மூன்று வாரங்கள்வரை ஆகும். ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே பெருக்கம் நின்றுபோகிறது. ஆனால் வைரஸ் அழிவதில்லை. வெப்பம் திரும்பினால் மீண்டும் பெருகத் தொடங்கும்.

வெப்பம் கூடும்போது பூச்சியின் முட்டைகள் விரைவில் முதிர்வதால் அது அடிக்கடி கடிக்கிறது; அதேசமயம் அதன் ஆயுளும் குறைகிறது. எனவே, வைரஸ் உமிழ்நீரை எட்டும்வரை பூச்சி உயிரோடிருக்குமா என்பதே பரவலைத் தீர்மானிக்கிறது.

2006ஆம் ஆண்டின் கடும் வெயிலை அடுத்து, அதுவரை இந்நோயை அறியாத நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளில் ஆகஸ்ட் மாதம் அது வெளிப்பட்டது. தமிழ்நாட்டின் சமவெளிகளில் வைரஸை முடக்குமளவு குளிர் வருவதில்லை. பூச்சிகள் பெருகும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே இங்கு நோய் தலைதூக்குகிறது. மழைக்கு முன்பே செம்மறியாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது.