பருத்தி இலையின் படத்தைக் கணினியால் அளந்தறியும் முறை

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டி ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நோக்கினால், தூரத்தில் முகமாகவும் பூமாலையாகவும் தோன்றிய யாவும் நீலம், செந்நிறம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். கைப்பேசியில் எடுக்கப்படும் பயிர்ப் படமும் ஏறக்குறைய இத்தகையதே. ஆயினும் அதில் மைக்குப் பதிலாக எண்களே இருக்கின்றன. புள்ளி ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவு 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். 1957-ம் ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் படத்தைக் கணினிக்குள் ஏற்றியபொழுது, அது பக்கத்துக்கு 176 புள்ளிகளே கொண்ட கறுப்பு வெள்ளைப் படமாயிருந்தது. இன்று சாதாரணக் கைப்பேசியும் பல லட்சம் புள்ளிகளைப் பதிவு செய்கிறது.

இது குடியானவர்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் சம்பந்தமில்லாத விஷயமென்று ஒதுக்கத் தக்கதன்று. 2024-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் டிஜிட்டல் பயிர் அளவீடு தொடங்கப்பட்டு, வேளாண் கல்லூரி மாணவர்களும் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் கையால் எழுதி வந்த பயிர் விவரத்துக்கு இப்பொழுது வயலில் எடுத்த படமும் துணையாகிறது. படம் சாட்சியாக நிற்குமிடத்தில், அதிலிருந்து எண் எவ்வாறு பெறப்படுகிறதென்பதைக் கிராமத்தில் ஒருவரேனும் அறிந்திராவிட்டால், சொன்ன எண்ணை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியிராது.

இக்கலையைப் புத்தகத்தின் வழியே மட்டும் கற்கப் புகுபவர் கணக்கு மிகுதியால் சலித்துவிடுவதுண்டு. தாமே நிரல் எழுதிப் பார்ப்பதே சுருக்கமான வழி. 1991-ல் வெளிவந்த பைத்தான் என்னும் நிரல்மொழியும், 1999-ல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன் சிவி என்னும் நிரல்தொகுப்பும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பக்கங்களில் எளிதில் கிடைக்கும் பருத்தி இலை ஒன்றே முதற் பாடத்துக்குப் போதும்.

ஏ4 அளவுள்ள வெள்ளைத் தாளின்மேல் இலையை மடிப்பின்றி விரித்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்துப் படமெடுக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் தாளின் ஒரு பக்கம் குறுகி, கணக்குப் பிழைபடும். இத்தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், நீளம் 29.7 சென்டிமீட்டர், ஆகவே பரப்பு 623.7 சதுர சென்டிமீட்டர். படத்தில் தாள் மட்டும் இருக்குமாறு வெட்டி, நீளத்தில் 2,970 புள்ளிகளும் அகலத்தில் 2,100 புள்ளிகளுமாக அமைத்துக்கொண்டால், மொத்தம் 62,37,000 புள்ளிகளாகும். அதாவது 10,000 புள்ளிகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சமம். இனி இலைக்குரிய புள்ளிகளைப் பிரித்தெடுத்து எண்ணுவதே நிரலின் வேலை.

பிரிப்பது எங்ஙனம்? பச்சையின் எண்ணை இரட்டித்து, அதிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் கழிப்பது நெடுநாளாக வழங்கும் முறை. வெயில்பட்ட இலைப் புள்ளியில் சிவப்பு 60, பச்சை 120, நீலம் 50 என்று கொள்வோம். விடை 130. தாளின் புள்ளியில் 230, 232, 228 எனில் விடை 6 மட்டுமே. கரிசல் மண்ணில் 70, 65, 60 எனில் விடை பூஜ்யம். ஆகவே 60-க்கு மேற்பட்டதெல்லாம் இலையென்று கட்டளையிட்டால் சரியாயிருக்கும் எனத் தோன்றும். ஆனால் அதே இலை நிழலில் இருக்கையில் எண்கள் 24, 48, 20 என்று தாழ்ந்து, விடை 52 ஆகிவிடும். நிரல் அதை இலையன்று என்று தள்ளிவிடும். இதற்குப் பரிகாரம், வந்த விடையை மூன்று நிறங்களின் கூட்டுத் தொகையால் வகுப்பது. 130-ஐ 230-ஆல் வகுத்தாலும், 52-ஐ 92-ஆல் வகுத்தாலும் வருவது 0.565 தான். ஒளி குறைந்தாலும் நிறத்தின் விகிதம் மாறவில்லை. கற்பவர் இவ்வகுத்தலை ஒருமுறை கையாற் செய்து பார்ப்பது பத்துப் பக்கம் படிப்பதைவிட மேலானது.

அடுத்த இடர் இன்னும் நுட்பமானது. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதாலோ மக்னீசியச் சத்துக் குறைவாலோ பருத்தி இலை சிவந்துபோவதைச் சாகுபடியாளர் அறிவர். அவ்விலையில் சிவப்பு 130, பச்சை 60, நீலம் 50 எனில், விடை 60 குறைவு, அதாவது பூஜ்யத்துக்குக் கீழ் 60. ஆனால் கணினி நிறங்களை எட்டு இருமக் கூறுகளில் வைத்திருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழுள்ள எண்ணை அங்கே எழுத இடமில்லை. எண்களை முதலில் பெரிய வகைக்கு மாற்றிக்கொள்ளாமல் கழித்தால், 256-லிருந்து 60-ஐக் கழித்து 196 என்று காட்டிவிடும்! நோயுற்ற இலையே எல்லாவற்றிலும் பசுமையானதாகக் கணக்கில் ஏறும். நிரல் எவ்விதத் தவறும் அறிவிக்காது. மேலும் ஓப்பன் சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தருகிறது. மேற்சொன்ன வாய்பாட்டில் சிவப்பும் நீலமும் இடம் மாறினாலும் விடை மாறாது. ஆகையால் பிழை மறைந்தே கிடந்து, சிவந்த பகுதியைத் தேடப் புகும் நாளில்தான் வெளிப்படும்.

சிவந்த இலையையும் சேர்த்து அளக்க வேண்டுமாயின் பசுமையைத் தேடாமல், தாளைவிட இருண்டதெல்லாம் இலையெனக் கொள்ளலாம். எந்த அளவுக்குக் கீழே இருளென்று கொள்வதெனத் தானே தீர்மானிக்கும் முறையொன்றை ஜப்பானியரான ஓட்சு 1979-ல் வெளியிட்டார். அது ஓப்பன் சிவியில் உள்ளது. இம்முறையில் தாளின்மேல் நிழல் விழக்கூடாது. மரநிழலிலோ தாழ்வாரத்திலோ பரவிய வெளிச்சத்தில் படமெடுப்பது உசிதம்.

புழு தின்ற துளைகளையும் இவ்வாறே அறியலாம். இலையின் வெளிக்கோட்டுக்குள் அடங்கியவை 7,50,000 புள்ளிகளும், அதனுள் வெண்மையாய்த் தெரிபவை 90,000 புள்ளிகளும் என்றால், இலை 75 சதுர சென்டிமீட்டர், துளை 9 சதுர சென்டிமீட்டர். சேதம் நூற்றுக்கு 12. விளிம்பைப் புழு தின்றிருந்தாலோ, வெளிக்கோடே உள்ளடங்கிவிடுவதால் இக்கணக்கு சேதத்தைக் குறைத்தே சொல்லும். அங்கே கண்ணே துணை.

நோயின் பெயரையே சொல்லும் செயலிகள் இன்று பல உள்ளன. அவற்றை நம்புமுன் 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கவனிக்கத்தக்கது. 14 வகைப் பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணினி பயிற்றப்பட்டது. அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டியபொழுது நூற்றுக்கு 99-க்கு மேல் சரியாகச் சொல்லிற்று. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபொழுதோ நூற்றுக்கு 31 அளவுக்கே சரியாயிற்று. பயிற்சிப் படங்கள் தனி இலையைச் சாதாரணப் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. வயலில் மண்ணும் களையும் பிற இலைகளும் நெருங்கி நிற்கின்றன. இக்காரணத்தால், செயலியின் சொல்லை மட்டும் கொண்டு மருந்து வாங்கிவிடாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலோ அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ இலையையே கொண்டுபோய்க் காட்டுதல் நன்று. படத்தை வாட்ஸ்அப் மூலம் அனுப்ப நேரின், ஆவணமாக இணைத்தே அனுப்ப வேண்டும். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, இலைப்புள்ளி நோயின் சிறு வட்டங்கள் மங்கிவிடும்.